வெண்ணெய் நம்ம கையில, நெய் மட்டும் சீனாவில

கடைசியா இங்க எழுதி ரொம்ப நாளாச்சு. "உயிரோட இருக்கியா?" என்று தனிமடல் போட்டு விசாரித்த மூன்று நல்ல உள்ளங்களுக்கு நன்றி. உயிரோடதான் இருக்கேன். ஆணி அதிகம், அவ்வளவுதான். அதுவும் வழக்கமா புடுங்குற ஆணி இல்லை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு காந்தத்தால வந்த ஆணி. அந்தக் காந்தம் என்னை எங்க மாமா முன்னாடி தலைகுனிஞ்சு நிற்க வச்ச கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

என் வேலையைப் பற்றி முன்னாடியே மொக்கை போட்டிருக்கேன். புதுசா வர்றவங்களுக்காக மறுபடியும்: படிச்சது ட்ரிபிள் ஈ. பொட்டி தட்டுறது ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில். மின்சார ஸ்கூட்டர் மோட்டாரை ஓட்டுற கன்ட்ரோலருக்கு நிரல் எழுதுறோம். நீங்க ஆக்ஸிலரேட்டரைத் திருகினா எந்தக் கம்பிச்சுருளுக்கு எப்போ எவ்வளவு கரண்ட் போகணும்னு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கணக்குப் போடுற நிரல். சொன்னா பெருசாத் தெரியும். வீட்டுல அம்மாவுக்கு நான் இன்னும் "கம்ப்யூட்டர் வேலை"தான்.

2025 ஜூன் மாசம், ஒரு திங்கட்கிழமை மீட்டிங். மேனேஜர் உள்ளே வந்தார், உட்காரக்கூட இல்லை. "காந்தம் வரல. எப்ப வரும்னு தெரியல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிப் வரலைன்னா புரியும், கோவிட் சமயத்துல அதையும் பார்த்தாச்சு. காந்தமா? பள்ளிக்கூடத்துல இரும்புத்தூளை வச்சு விளையாடின சாமானா?

அந்தக் காந்தம் வேற, இது வேற. எங்க மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்துல இருக்கிறது நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த ஜான் க்ரோட்டும் தனித்தனியா கண்டுபிடிச்சது. சாதாரண ஃபெரைட் காந்தம் 0.4 டெஸ்லா கொடுத்தா இது 1.2, 1.3 என்று கொடுக்கும். அதனாலதான் சின்ன மோட்டார்ல பெரிய இழுவை கிடைக்குது. ஒரே ஒரு குறை, சூடு ஏறினா பலம் போயிடும். அதுக்காக டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற ரெண்டு தனிமங்களைக் கொஞ்சம் சேர்ப்பாங்க. ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி. சேர்க்கிறது துளிதான், ஆனா அது இல்லாம முடியாது.

2025 ஏப்ரல் 4ஆம் தேதி, ட்ரம்ப் வரிகளுக்குப் பதிலடியா சீனா ஏழு தனிமங்களை ஒரு பட்டியல்ல போட்டது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். இவையும், இவற்றைச் சேர்த்துச் செய்த காந்தங்களும் நாட்டை விட்டு வெளியே போகணும்னா அரசு அனுமதி வேணும். வாங்குறவன் யார், எதுக்கு வாங்குறான், ராணுவத்துக்கு இல்லைதானே என்று எல்லாத்துக்கும் பேப்பர் கொடுக்கணும். கவனிங்க, தடைன்னு சொல்லலை. அனுமதி வாங்கணும்னுதான் சொன்னாங்க. ஏதாவது ஒரு அரசு ஆபீஸ்ல போய் அனுமதி வாங்கின அனுபவம் இருக்கிறவங்களுக்கு ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரியும் :-)

சண்டை ஸ்கூட்டருக்காக இல்லை, ராணுவத்துக்காக. ஏவுகணையோட வால்சிறகை அசைக்கிற மோட்டார்லயும் இதே குடும்பத்துக் காந்தம்தான். ரொம்பச் சூடு தாங்கணும்னா சமாரியம், கோபால்ட் காந்தம் போடுவாங்க. ஒரு எஃப்-35 போர் விமானத்துல மட்டும் 400 கிலோவுக்கு மேல அரிய மண் தனிமங்கள் இருக்குன்னு அமெரிக்கர்களே கணக்குச் சொல்றாங்க. என் ஸ்கூட்டர் மோட்டாரும் அந்த ஏவுகணை மோட்டாரும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. அண்ணன் மேல உள்ள கோபத்துல தம்பிக்கும் சோறு நின்னு போச்சு.

எங்க டீமுக்கு வந்த உத்தரவு: ஃபெரைட் காந்தம் வச்சு வேற மோட்டார், அதுக்கு வேற நிரல். மூணு மாசம் ராப்பகலா உட்கார்ந்தோம். மோட்டார் பெருசாச்சு, எடை கூடுச்சு, ஒரு சார்ஜில் ஓடுற தூரம் குறைஞ்சது. வண்டி ஓடுச்சு, அதுவரைக்கும் சந்தோஷம். நிரல்ல நான் எவ்வளவு வித்தை காட்டினாலும் இல்லாத காந்தப்புலத்தை நிரலால உண்டாக்க முடியாதுன்னு அந்த மூணு மாசத்துல நல்லாப் புரிஞ்சுது.

இப்ப என் முட்டாள்தனத்துக்கு வர்றேன்.

பக்கத்து சீட் நண்பன் ஒருநாள் செய்தி ஒன்றைக் காட்டினான். "மச்சி, உங்க கன்னியாகுமரி கடற்கரை பூரா இந்தச் சாமான்தானே கிடக்காம்? மூணு மாசமா நாம நாயா அலையறோம். தோண்டி எடுக்க வேண்டியதுதானே?" எனக்கும் அது நியாயமாப் பட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி மூணு மணிக்குத் தூக்கம் இல்லாம அந்தச் செய்தியை எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில போட்டேன். கீழே சொந்தச் சரக்கா ஒரு வரி: "நாட்டுக்காக இதைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாதா?"

மறுநாள் காலையில மாமாவிடமிருந்து ஒரே பதில். "சரி மக்கா."

ராத்திரி அம்மா போன். "என்னத்தலே எழுதி வச்ச? மாமா நேத்துல இருந்து யாருகிட்டயும் பேசல."

அப்பத்தான் எனக்கு உறைச்சது. மாமா வீடு இருக்கிறது மணவாளக்குறிச்சிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்ல. கிள்ளியூர் தாலுகா கடலோரத்தில் 1144 ஹெக்டேர்ல தாதுமணல் எடுக்கிற திட்டம்னு செய்தியில் வந்ததே, அந்த வட்டாரம். 2024ல கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிச்சு, எதிர்ப்புக் கிளம்பித் தள்ளிப்போச்சு. எதிர்ப்புன்னு செய்தியில் ஒரே வார்த்தையா வர்ற கூட்டத்துல எங்க மாமாவும் நின்னிருக்கார். அறுபத்திரண்டு வயசு வரை கடலுக்குப் போன மனுஷன். எனக்குத் தெரியும், ஆனா தோணலை. செய்தியில வர்ற ஊரும் நான் லீவுக்குப் போற ஊரும் என் மண்டைக்குள்ள வேற வேற இடத்துல இருந்திருக்கு.

2025 கிறிஸ்துமஸுக்குத்தான் போக முடிஞ்சது. முதல் நாள் மாமா ஒண்ணும் கேக்கலை. மாமிதான் மீன்குழம்பை ஊத்திக்கிட்டே, "மண்ணைத் தோண்டச் சொன்ன ஆளு வந்தாச்சு" என்றாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சோறு இறங்கலை.

மறுநாள் காலையில் மாமாகூடக் கடற்கரைக்கு நடந்தேன். பையில ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட பழைய மோட்டார் காந்தத் துண்டு ஒண்ணு வச்சிருந்தேன். மண்ணுல வச்சு எடுத்தேன். கறுப்பா மீசை முளைச்ச மாதிரி மணல் ஒட்டிக்கிட்டு வந்தது. அது இல்மனைட், டைட்டானியம் தாது. மாமா அதைப் பார்த்துட்டு, "இதை நாங்க சின்னப்பிள்ளையில ஸ்பீக்கர் காந்தத்த வச்சே செய்வோம்லே" என்றார். அப்புறம் இன்னொரு கைப்பிடி அள்ளி என் கையில வச்சார். "நீ தேடுகது இதுல்லா?" கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவுல மஞ்சளும் பழுப்புமா, தேன் நிறத்துல சில மணிகள். மோனசைட். என் காந்தத்துக்கு உயிர் கொடுக்கிற நியோடிமியம் அதுக்குள்ளதான் இருக்கு.

இந்த மணலுக்கு ஒரு கதை இருக்கு. 1909ல ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து ஏற்றுமதியான கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைக் கவனிச்சு, அது எங்கிருந்து வருதுன்னு தேடி மணவாளக்குறிச்சி வரைக்கும் வந்தார். அவர் தேடினது தோரியம். அப்போ ஐரோப்பா முழுக்க கேஸ் விளக்கு. அந்த விளக்குல ஒளி தர்ற 'மேன்ட்டில்' வலைக்கு 99 சதவீதம் தோரியம் ஆக்ஸைடும் 1 சதவீதம் சீரியம் ஆக்ஸைடும் வேணும். நம்ம ஊர்க் கல்யாண வீடுகள்ல எரிஞ்ச பெட்ரோமாக்ஸ் விளக்குல கட்டுவாங்களே, அதே மேன்ட்டில்தான்.

அந்த மேன்ட்டிலைக் கண்டுபிடிச்ச ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். அதே மனுஷன்தான் 1885ல டிடிமியம் என்ற பொருளை உடைச்சு, அது ஒண்ணு இல்லை, நியோடிமியம், பிரசியோடிமியம்னு ரெண்டு தனிமம்னு காட்டினவரும். டிடிமியம்னாலே ரெட்டைன்னு அர்த்தம். ஆக, நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர் மணலைத் தேடி வந்தவங்க தோரியத்துக்காக வந்தாங்க. இன்னைக்கு உலகம் அடிச்சுக்கிற நியோடிமியம் அப்போ பெருசா யாருக்கும் தேவைப்படாத பொருள்.

அப்புறம் அணுகுண்டு வந்தது, தோரியத்தோட மவுசு ஏறிப்போச்சு. 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனிநாடாவே இருக்கும்னு அறிவிச்சப்போ அந்தத் தைரியத்துக்குப் பின்னால இருந்த காரணங்கள்ல இந்த மணலும் ஒண்ணு. பிரிட்டனோட மோனசைட் ஒப்பந்தமும் நடந்தது. ஜூலை கடைசியில திருவிதாங்கூர் இந்தியாவோட சேர்ந்தது. 1950ல ஐ.ஆர்.இ.எல், நம்ம ஊர்ல சொல்ற இந்திய அருமணல் ஆலை, உருவாச்சு. 1952 டிசம்பரில் ஆலுவாயில மோனசைட்டைப் பதப்படுத்துற ஆலையை நேரு திறந்து வச்சார். 1956ல கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட வந்தது. மணல் அங்கேயேதான் கிடந்தது.

மாமா இதையெல்லாம் பொறுமையாக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "அப்ப எழுபத்தஞ்சு வருசமா மணலு நம்ம கையிலதான இருக்கு. காந்தத்த ஏன்லே சீனாக்காரங்கிட்ட வாங்குக?"

என்கிட்ட பதில் இல்லை. பொறியியல் படிச்சவன், காந்தத்தையே தினமும் கட்டி மேய்க்கிறவன், என்கிட்ட பதில் இல்லை.

அன்னைக்கு ராத்திரி மாடியில கொசுவோட உட்கார்ந்து படிச்சதைத்தான் கீழே சுருக்கமாச் சொல்றேன்.

மணலில் இருந்து காந்தம் வரைக்கும் ஏறக்குறைய ஐந்து படி. ஒண்ணு, மணலைச் சலிச்சு, சுழல் பாதையில தண்ணியோட ஓடவிட்டு, காந்தத்தாலயும் மின்சாரத்தாலயும் பிரிச்சு மோனசைட்டைத் தனியா எடுக்கணும். ரெண்டு, அதைக் காஸ்டிக் சோடாவுல வேகவச்சு, கதிரியக்கம் உள்ள தோரியத்தையும் யுரேனியத்தையும் நீக்கி, அரிய மண் கலவையை எடுக்கணும். மூணு, அந்தக் கலவையில் இருந்து ஒவ்வொரு தனிமமாப் பிரிக்கணும். இதுதான் கஷ்டம். எல்லாம் ஒரே ஜாடை உள்ள அண்ணன் தம்பிங்க. ஒரு கரைசலையும் எண்ணெயையும் கலக்கி, தெளியவிட்டு, மறுபடி கலக்கி, இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகள் தாண்டினாத்தான் ஒருத்தன் தனியா வருவான். நாலு, கிடைச்ச ஆக்ஸைடை உருக்கின உப்புக்குள்ள மின்சாரம் பாய்ச்சி உலோகமா மாத்தணும். அஞ்சு, உலோகக்கலவையை காற்றுப் படாம சில மைக்ரான் அளவுக்குப் பொடிச்சு, காந்தப்புலத்துக்குள்ள வச்சு அழுத்தி, சூளையில சுட்டு எடுக்கணும்.

முதல் மூணு படி நமக்குத் தெரியும். நாலாவது படி சின்ன அளவுல. அஞ்சாவது? 2023 மே மாசம் விசாகப்பட்டினத்துல சமாரியம் கோபால்ட் காந்த ஆலை ஒண்ணு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 3000 கிலோ. ஆமா, கிலோ. வண்டிக்கு வேண்டிய நியோடிமியம் காந்தத்தைப் பெரிய அளவுல சுட்டு எடுக்கிற ஆலை நான் மீட்டிங்ல சிரிச்ச அன்னைக்கு நம்மகிட்ட இல்லை. இன்னும் கேளுங்க. நம்ம மணல்ல இருந்து பிரிச்ச பொருள், 2012 ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஜப்பானுக்குப் போய்க்கிட்டு இருந்திருக்கு. அதை நிறுத்தி உள்நாட்டுக்கே வச்சுக்கச் சொல்லி அரசு கேட்டதா 2025 ஜூன்ல செய்தி வந்தது. வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னு பாட்டி சொல்லும்போது ஏதோ வீட்டுச் சமாச்சாரம்னு நினைச்சேன். தொழில் கொள்கைன்னு தெரியாமப் போச்சு.

ஏன் இப்படி ஆச்சு? தேடிப்பார்த்ததுல வில்லன் யாரும் கிடைக்கலை. மோனசைட்ல தோரியம் இருக்கு, அதனால அது அணுசக்திச் சட்டத்துக்குள்ள வருது, கண்டவனும் தொட முடியாது. தோரியத்தைப் பூட்டி வச்ச பெட்டிக்குள்ளேயே நியோடிமியமும் மாட்டிக்கிச்சு. 1990கள்ல சீனா விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கினப்போ இங்க பிரிச்சு எடுக்கிறதே நஷ்டம்னு ஆச்சு. காந்தம் செய்ய ஆள் இல்லாததால உலோகம் வாங்க ஆள் இல்லை. உலோகம் இல்லாததால காந்தம் செய்ய யாரும் வரலை. எங்களை மாதிரிக் கம்பெனிகள் பெட்டியைப் பிரிச்சா காந்தம் இருக்கும், அது எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சதே இல்லை. நானும் சேர்த்துத்தான்.

நாம மட்டும் ஏமாளி இல்லைன்னு ஒரு அல்ப ஆறுதல். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மவுன்டன் பாஸ் சுரங்கம். ஒரு காலத்துல உலகத்துக்கே அதுதான் படியளந்தது. 2002ல மூடினாங்க, 2012ல திறந்தாங்க, 2015ல திவால். மறுபடி திறந்து எடுத்த தாதுவையும் பல வருஷம் சீனாவுக்குத்தான் அனுப்பினாங்க, ஏன்னா பிரிக்கிற வேலை அங்கதான். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தக் கம்பெனியான மேக்னகுவென்ச்சை 1995ல சீனப் பங்குதாரர்கள் உள்ள குழுவுக்கு வித்தது. சில வருஷத்துல அமெரிக்க ஆலையை மூடிட்டாங்க, தொழில் சீனாவுக்குப் போயிடுச்சு. இன்னைக்குச் சுரங்க உற்பத்தியில சீனாவோட பங்கு ஏறக்குறைய 60 சதவீதம், பிரிக்கிறதுலயும் காந்தத்துலயும் 90 சதவீதம். அந்த 60க்கும் 90க்கும் நடுவுல உள்ள இடைவெளியைப் பாருங்க. சீனாவோட பலம் மண்ணுல இருக்கிறதை விட அதிகமா அந்தத் தொட்டிகள்லயும் சூளைகள்லயும் இருக்கு.

ஜப்பான் மட்டும் ஒரு தடவை அடிபட்டதும் முழிச்சுக்கிட்டது. 2010 செப்டம்பரில் தீவுத் தகராறு வந்து சீனாவிலிருந்து சரக்கு நின்னுபோச்சு. மறு வருஷமே ஆஸ்திரேலியாவின் லைனஸ் கம்பெனியில காசைப் போட்டாங்க. கையிருப்பு வச்சாங்க, டிஸ்ப்ரோசியத்தைக் குறைவாப் போட்டுக் காந்தம் செய்யக் கத்துக்கிட்டாங்க. பத்து வருஷத்துல சீனாவை நம்பியிருந்த அளவு 90 சதவீதத்தில் இருந்து 60 பக்கம் இறங்கியது. அவங்க ஊர்க் கடற்கரையில ஒரு கைப்பிடி மணலைக்கூடத் தோண்டலை.

இதுல என்னை உலுக்கினது இன்னொரு விஷயம். எங்க மோட்டாரை நிறுத்தினது டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும். கன்னியாகுமரி மோனசைட்ல இருக்கிறது லேசான தனிமங்கள்: சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம். கனமான தனிமங்கள் நம்ம நாட்டு வளத்துல எடுக்கிற அளவுக்கு இல்லைன்னு அரசே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு. அதாவது, மாமா வீட்டு அஸ்திவாரம் வரைக்கும் தோண்டியிருந்தாலும் எனக்கு அந்த ஜூன் மாசம் வேண்டியிருந்த பெருங்காயம் கிடைச்சிருக்காது. நான் "நாட்டுக்காக" என்று ராத்திரி மூணு மணிக்கு எழுதின வரிக்கு அடியில இருந்த கணக்கே தப்பு.

அதே சமயம் மாமா பக்கம் மட்டும் நின்னு பதிவை முடிச்சா அதுவும் பொய். 2025 நவம்பர் 26ல மத்திய அமைச்சரவை 7280 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டத்தை ஒத்துக்கிட்டது. உள்நாட்டிலேயே ஆண்டுக்கு 6000 டன் காந்தம். காந்தத்துல ஏறக்குறைய 30 சதவீதம் அரிய மண் தனிமம்னு வச்சுக்கிட்டா 1800 டன் வேணும். இப்ப நாம பிரிச்சு எடுக்கிறது சில நூறு டன்தான். ஆக, இந்த ஆலைகள் நிஜமா வந்தா மோனசைட் கூடுதலா வேண்டியிருக்கும். நாடு முழுக்க 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதா அணுக்கனிம இயக்ககம் சொல்லுது. ஒடிசா, ஆந்திரா, கேரளா, தமிழ்நாடு, எல்லாம் சேர்த்து. எங்கேயோ ஒரு கடற்கரையில யாரோ ஒரு மாமா இருக்கத்தான் செய்வார்.

மறுநாள் இதையெல்லாம் அவர்கிட்ட ஒப்பிச்சேன். "வேண்டாம்னு நான் சொல்லல மக்கா" என்றார். "ராக்கெட்டும் வேணும், வண்டியும் வேணும், எனக்குத் தெரியாதா? எங்கிட்ட கேளுன்னுதான் சொல்லுகேன். எவ்வளவு ஆழம் தோண்டுவ, தோண்டின இடத்துல என்னத்தப் போட்டு மூடுவ, கடலு உள்ள ஏறினா நான் எங்க போவேன். இதக் கேக்கதுக்கு ஒரு கூட்டம் உண்டும்னு சொன்னான். இப்ப அதுவும் வேண்டாம்னுட்டான்."

அவர் சொன்னது உண்மை. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கிற திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லைன்னு ஒரு உத்தரவு போட்டது. காரணம், நாட்டுப் பாதுகாப்பும் அவசரமும். அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாட்டின் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அவசரம்! எழுபத்தஞ்சு வருஷமா அஞ்சாவது படியில கால் வைக்காதவங்களுக்கு, முதல் படியில நிற்கிறவன்கிட்ட மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து பேச நேரம் இல்லை.

மாமிகிட்டயும் ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவங்க அக்கா கேன்சர்ல போனவங்க. மணல்ல உள்ள கதிர்வீச்சுதான் காரணம்னு ஊர்ல நம்புறாங்க. நான் அதிகப்பிரசங்கி மாதிரி, கேரளா கருநாகப்பள்ளியில இதே மாதிரி மணல் உள்ள இடத்துல கிட்டத்தட்ட 70,000 பேரைப் பத்து வருஷம் கவனிச்சு, 2009ல வெளியான ஆய்வுல கதிர்வீச்சால கேன்சர் கூடினதாத் தெரியலைன்னு சொன்னேன். ஆய்வு உண்மைதான். மாமி கையைத் துடைச்சுக்கிட்டே, "அது அங்க உள்ளவங்க கணக்கு மக்களே. எங்க அக்காவ யாரு எண்ணினா?" என்றாங்க. அதுக்கு மேல நான் வாயைத் திறக்கலை.

கிளம்புற அன்னைக்கு, குழுவில போட்ட அந்த வரிக்காக மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "எழுதினது தப்பில்ல. எழுதுகதுக்கு முந்தி ஒரு போன் போட்டிருக்கலாம்லா" என்றார். அந்த உத்தரவு போட்டவங்ககிட்டயும் அவர் சொல்ல நினைக்கிறது அதுதான்னு நினைக்கிறேன்.

ஓசூர் திரும்பினதும் நண்பன் கேட்டான், "என்ன மச்சி, தோண்டச் சொல்லிட்டியா?" உட்கார வச்சு ஐந்து படியையும் விளக்கினேன். பாதியிலேயே கண்ணைக் கட்டிடுச்சுன்னான். அந்த மிச்சத்தைத்தான் உங்க தலையில இறக்கி வச்சிருக்கேன், ஹி..ஹி..

நாட்டுக்குத் தேவையான கனிமம்னு பேசும்போது நமக்கு முதல்ல கண்ணுல படுறது மண்தான். படத்துல காட்ட வசதி, வரைபடத்துல கலர் அடிக்க வசதி. அமிலத் தொட்டியையும் சூளையையும், அதைப் பதினஞ்சு வருஷம் நஷ்டத்துல ஓட்டிக் கத்துக்கிற பொறுமையையும் யாரும் படம் எடுத்துப் போட மாட்டாங்க. நெய் வேணும்னா அடுப்பைப் பத்த வைக்கணும். அடுப்பு நின்னு எரியட்டும். அப்புறம் வெண்ணெய் போதலைன்னா, வீட்டுக்காரன் வாசல்ல போய் நின்னு முறையாக் கேக்கணும். கேட்டா கொடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. கேக்காம எடுத்தா என்ன ஆகும்னு "சரி மக்கா" பார்த்த அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

உங்க ஊர்லயும் இப்படி "நாட்டுக்காக" என்று கேட்ட மண்ணோ மலையோ இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கேட்டாங்களா, இல்ல எடுத்துக்கிட்டாங்களா?

டிஸ்கி 1: அந்தப் பழைய காந்தத் துண்டை மாமாகிட்டயே கொடுத்துட்டேன். தூண்டில் பெட்டியில ஊசியெல்லாம் சிதறாம இருக்க வச்சிருக்காராம். இந்தப் பதிவுல உருப்படியாப் பயன்பட்ட ஒரே காந்தம் அதுதான்.

டிஸ்கி 2: அடுத்த பதிவு கண்டிப்பா மொக்கைதான். பயப்படாம வாங்க :-)